கலிபோர்னியாவில் ஸ்கூல் போர்டு: தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிள்ளைகளை இங்கே அரசுப் பள்ளிக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சொல்லியிருக்கும் சட்டங்களும் எண்களும் கலிபோர்னியாவுக்கு உரியவை. டெக்சஸிலோ நியூ ஜெர்சியிலோ இருப்பவர்களுக்கு அமைப்பு பெரும்பாலும் ஒத்துப்போகும், விவரங்கள் மாறும்.

ஸ்கூல் போர்டு என்றால் சிபிஎஸ்இ போர்டு, ஸ்டேட் போர்டு மாதிரியா?

இல்லை. அவை பாடத்திட்டம் வகுத்துத் தேர்வு நடத்துபவை. இங்கே ஸ்கூல் போர்டு என்பது ஒரு வட்டாரத்து அரசுப் பள்ளிகளை நடத்த அந்த வட்டார மக்களே ஓட்டுப் போட்டு அனுப்பும் ஐந்து அல்லது ஏழு பேர். அமெரிக்க அரசியல் சாசனத்தில் கல்வி என்ற சொல்லே கிடையாது. அது மாநிலங்களின் பொறுப்பு. மாநிலங்கள் அதில் பெரும்பகுதியை உள்ளூரிடம் விட்டுவிட்டன. ஐம்பது குடும்பங்கள் உள்ள ஊர் ஒரு வாத்தியாரை அமர்த்த வேண்டும் என்று மாசசூசெட்ஸ் காலனி 1647இல் சட்டம் போட்ட காலத்திலிருந்து வரும் வழக்கம் இது. ஒரு போர்டின் கீழ் வரும் வட்டாரத்துக்குப் பள்ளி மாவட்டம் என்று பெயர். இன்று நாடு முழுவதும் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. கலிபோர்னியாவில் மட்டும் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு.

தமிழ்நாட்டில் பள்ளிக் கூரை ஒழுகினால் தலைமையாசிரியர், வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர் என்று மனு மேலே ஏறிக்கொண்டே போகும். இங்கே அந்த ஏணி குட்டையானது. முடிவெடுப்பவர்கள் மாதம் ஓரிரு முறை, நம் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கூடுகிறார்கள். நம்மில் பலர் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே, பள்ளி எல்லையை மாற்றப் போகிறார்கள், வீட்டு விலை இறங்கிவிடும் என்ற பேச்சு கிளம்பும்போதுதான். பட்ஜெட் நிறைவேறும் இரவில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும்.

நான் எந்த மாவட்டம்? ஊர்ப் பெயர்தானே மாவட்டப் பெயர்?

அப்படி நம்பி வீடு வாங்காதீர்கள். பள்ளி மாவட்ட எல்லை வேறு, நகர எல்லை வேறு. குப்பர்டினோவை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்பு வரை குப்பர்டினோ யூனியன் மாவட்டம். சான் ஹோசே, சன்னிவேல், சாரட்டோகா பகுதிகள் சிலவும் அதற்குள் வரும். ஒன்பதாம் வகுப்புக்குப் போனதும் மாவட்டமே மாறி ஃப்ரீமான்ட் யூனியன் ஹைஸ்கூல் மாவட்டம் ஆகிவிடும். அதற்கும் ஃப்ரீமான்ட் நகரத்துக்கும் சம்பந்தமில்லை, அந்த நகரத்தின் மாவட்டம் ஃப்ரீமான்ட் யூனிஃபைட். 'யூனிஃபைட்' என்று பெயரில் இருந்தால் மழலையர் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஒரே போர்டு. இல்லாவிட்டால் உங்களுக்கு இரண்டு போர்டுகள், இரண்டு தேர்தல்கள், வரி பில்லில் இரண்டு வரிகள்.

போர்டு உண்மையில் என்ன செய்கிறது?

சூப்பரின்டென்டென்ட் என்ற தலைமை அதிகாரியை அமர்த்துகிறது, தேவைப்பட்டால் அனுப்புகிறது. பட்ஜெட்டை நிறைவேற்றுகிறது. பாடப்புத்தகம், பள்ளி எல்லை, நாட்காட்டி, ஆசிரியர் சங்கத்துடனான சம்பள ஒப்பந்தம், மாணவரை வெளியேற்றுவது எல்லாம் அதன் ஓட்டுக்கு வர வேண்டும். அன்றாட நிர்வாகம் அதன் வேலை அல்ல. அது சூப்பரின்டென்டென்ட்டின் வேலை.

பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. தனி உறுப்பினருக்கு எந்த அதிகாரமும் இல்லை. அறிவிக்கப்பட்ட கூட்டத்தில், பெரும்பான்மை ஓட்டில்தான் அதிகாரம் பிறக்கிறது. 'அந்த உறுப்பினரை எனக்கு நல்லா தெரியும், சொல்லி முடிச்சிடலாம்' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். ஐந்து பேர் போர்டில் மூன்று பேர் மின்னஞ்சலில் ஒரு விஷயத்தைப் பேசி முடிவுகட்டினாலே சட்டமீறல். 2021 முதல், போர்டின் வரம்புக்குள் வரும் விஷயத்தைப் பற்றி ஒரு உறுப்பினர் சமூக வலைத்தளத்தில் எழுதினால், இன்னொரு உறுப்பினர் அதற்கு லைக் கூடப் போடக்கூடாது.

டீச்சர் மேல் புகார். நேரே போர்டுக்குப் போகலாமா?

போகலாம், பலன் இருக்காது. டீச்சர், பிரின்சிபல், மாவட்ட அலுவலகம் என்ற வரிசையில் எழுத்தில் போங்கள். பாகுபாடு, சட்டவிரோதக் கட்டணம் போன்றவற்றுக்கு 'யூனிஃபார்ம் கம்ப்ளெயின்ட்' என்ற, எல்லா மாவட்டத்துக்கும் பொதுவான புகார் நடைமுறை உண்டு. புத்தகம் போதவில்லை, கழிப்பறை மோசம் என்றால் 'வில்லியம்ஸ் கம்ப்ளெயின்ட்'. 2004இல் முடிந்த வழக்கு ஒன்றின் பெயரில் வந்தது அது. அதற்கான அறிவிப்பு வகுப்பறைச் சுவரிலேயே ஒட்டியிருக்கும். பிள்ளையை வெளியேற்றும் விவகாரமாக இருந்தால் உறுப்பினர்களிடம் முன்கூட்டியே பேசவே பேசாதீர்கள். அதில் தீர்ப்பு சொல்லப்போவது அவர்கள்தான்.

மீட்டிங்குக்குப் போனால் ஒன்றும் புரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

அஜெண்டாவிலிருந்து. உள்ளாட்சிக் கூட்டங்களைப் பொதுமக்கள் முன் நடத்தச் சொல்லும், 1953இல் வந்த பிரவுன் சட்டப்படி, வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பும், சிறப்புக் கூட்டத்துக்கு 24 மணி நேரம் முன்பும் அஜெண்டாவைப் பொதுவில் வைக்க வேண்டும். அதில் இல்லாத விஷயத்தில் போர்டு முடிவெடுக்கக் கூடாது, விரிவாக விவாதிக்கவும் கூடாது. இது வெறும் சம்பிரதாயம் இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் லோவெல் உயர்நிலைப் பள்ளியில் மதிப்பெண் அடிப்படைச் சேர்க்கையை நீக்க 2021 பிப்ரவரியில் போர்டு ஓட்டளித்தது. என்ன முடிவு எடுக்கப்போகிறார்கள் என்பதை அஜெண்டாவில் தெளிவாகச் சொல்லவில்லை என்று வழக்குப் போனது. போர்டு பிரவுன் சட்டத்தை மீறிவிட்டது என்று அதே ஆண்டு நவம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு பழைய சேர்க்கை முறைக்கே திரும்பினார்கள்.

அஜெண்டாவில் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது 'கன்சென்ட்'. வழக்கமான சில்லறை வேலைகள் என்று இருபது, முப்பது உருப்படிகளை ஒரே ஓட்டில் முடித்துவிடுவார்கள். பெரும்பாலும் சில்லறைதான். ஆனால் லட்சக்கணக்கான டாலர் மென்பொருள் ஒப்பந்தமும், கன்சல்டன்ட் கட்டணமும் அதே பட்டியலில் ஓசையில்லாமல் இருக்கும். இணைப்புகளைத் திறந்து பாருங்கள். அதில் ஒன்றைத் தனியே எடுத்துப் பேசும்படி உறுப்பினர் ஒருவர் கேட்க முடியும். நீங்களும் ஓட்டுக்கு முன் அதைப் பற்றிப் பேசலாம்.

இரண்டாவது, 'ஃபர்ஸ்ட் ரீடிங்' அல்லது 'தகவலுக்காக' என்று வரும் உருப்படி. அன்று ஓட்டு இருக்காது. அதனால்தான் அன்று போக வேண்டும். அடுத்த கூட்டத்தில் ஓட்டுக்கு வரும்போது உறுப்பினர்கள் அநேகமாக மனதைத் தீர்மானித்திருப்பார்கள். சிவப்புச் சட்டை போட்டு இருநூறு பேர் திரண்டு வரும் இரவுகளில் முடிவு மாறியதை நான் அதிகம் பார்த்ததில்லை. முதல் வாசிப்பில் நாலு பேர் வந்து ஒரு வரியைச் சுட்டிக்காட்டி அது மாறியதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது 'குளோஸ்டு செஷன்'. வழக்கு, பணியாளர் விவகாரம், சம்பளப் பேச்சுவார்த்தை, சொத்து விலை, மாணவர் ஒழுங்கு ஆகியவற்றுக்கு மட்டும் கதவை மூடலாம். உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. அங்கே எடுக்கும் முடிவுகள் பலவற்றை வெளியே வந்து அறிவித்தாக வேண்டும்.

மூன்று நிமிடம் பேசினேன். ஒருவரும் பதில் சொல்லவில்லையே?

அவமரியாதை இல்லை. அஜெண்டாவில் இல்லாததைப் பேசியிருந்தால் அவர்கள் பதில் விவாதம் நடத்தச் சட்டம் இடம் தராது. அதிகபட்சம் ஒரு சந்தேகம் கேட்பார்கள், அல்லது அலுவலரிடம் பார்க்கச் சொல்வார்கள். கூட்டம் அதிகமென்றால் மூன்று நிமிடம் ஒரு நிமிடமாகவும் சுருங்கும். ஆகவே வாழ்க்கை வரலாறு வேண்டாம். என்ன வேண்டும், எந்த உருப்படி, ஏன் என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். முந்தின நாளே மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள். மேடையில் சொல்வதை விட அதை நிதானமாகப் படிப்பார்கள்.

மைக் விஷயத்தில் அவர்களும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியிருக்கிறது. 2021 பிப்ரவரியில் ஓக்லி என்ற சிற்றூரின் போர்டு, ஆன்லைன் கூட்டம் பொதுமக்களுக்குத் தெரியவில்லை என்று நினைத்துப் பெற்றோரைக் கேலி பேசியது. அது நேரலையில் ஓடிக்கொண்டிருந்தது. சில நாட்களில் போர்டில் இருந்த எல்லோரும் ராஜினாமா செய்தார்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது? பணக்கார ஊரில் ஏன் எப்போதும் பற்றாக்குறை?

இதுதான் நிஜமாகவே புரிந்துகொள்ள வேண்டிய பகுதி.

2013 முதல் எல்சிஎஃப்எஃப் என்ற சூத்திரப்படி மாநிலம் பணத்தைப் பங்கிடுகிறது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு அடிப்படைத் தொகை. குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளை, ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை, ஃபாஸ்டர் பராமரிப்பில் உள்ள பிள்ளை என்றால் அதன் மேல் 20 சதவீதம் கூடுதல். அப்படிப்பட்ட பிள்ளைகள் 55 சதவீதத்தைத் தாண்டும் மாவட்டத்துக்கு இன்னும் அதிகம். ஐடி வேலைக்காரர்கள் நிறைந்த மாவட்டத்தில் இந்தக் கூடுதல் குறைவு, ஆசிரியர்கள் அங்கே குடியிருக்க வீட்டு வாடகையோ எக்கச்சக்கம். பற்றாக்குறைக்கு ஒரு காரணம் அது. மாணவர் எண்ணிக்கை குறைவது இன்னொன்று.

இன்னொரு வகையும் உண்டு. பாலோ ஆல்டோ மாதிரி, சொத்து வரியே சூத்திரத் தொகையைத் தாண்டிவிடும் மாவட்டங்கள். அவற்றை 'பேசிக் எய்ட்' என்பார்கள். மிச்சத்தை அவர்களே வைத்துக்கொள்ளலாம். தெரு தாண்டினால் வேறு உலகம் என்று மக்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மற்ற மாவட்டங்களில் பணம் பள்ளியில் சேர்ந்தவர் எண்ணிக்கைக்கு அல்ல, தினசரி வருகையின் சராசரிக்கு. காய்ச்சல் என்று லீவ் லெட்டர் கொடுத்தாலும் அன்றைய வருகை கணக்கில் சேராது. பொங்கலுக்கு ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்து வருகிறோமே, அதற்கும் மாவட்டத்துக்கு நஷ்டம். போகக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் இல்லை, நாங்களும் போகிறவர்கள்தான். புறப்படும் முன்பே 'இண்டிபெண்டன்ட் ஸ்டடி' ஒப்பந்தம் கேளுங்கள். வீட்டுப்பாடத்தை முடித்துக் கொடுத்தால் அந்த நாட்களுக்கான பணம் பள்ளிக்கு வரும். 180 நாள் பள்ளி ஆண்டில் 18 நாள் வராவிட்டால் பிள்ளை 'நாள்பட்ட வருகையின்மை' பட்டியலில் ஏறும், அந்தக் கணக்கும் பள்ளியின் பெயரில்தான் வெளியாகும்.

போர்டு ஜூலை 1க்குள் பட்ஜெட்டையும், எல்காப் என்ற செலவுத் திட்டத்தையும் நிறைவேற்ற வேண்டும். ஒரு கூட்டத்தில் பொது விசாரணை, வேறொரு கூட்டத்தில் ஓட்டு. ஜூன் மாதம், எல்லோரும் விமான டிக்கெட்டோடு இருக்கும் நேரம். அப்புறம் அக்டோபர் 31, ஜனவரி 31 நிலவரங்களை வைத்து இரண்டு இடைக்கால அறிக்கைகள் வரும். அவற்றில் 'பாசிடிவ்', 'குவாலிஃபைடு', 'நெகடிவ்' என்ற மூன்றில் ஒரு சொல் இருக்கும். நடப்பு ஆண்டையும் அடுத்த இரண்டு ஆண்டுகளையும் சமாளிக்க முடியுமா என்பதற்கான பதில் அது. நூற்றுக்கணக்கான பக்கங்களைப் படிக்க நேரமில்லாவிட்டால் அந்த ஒரு சொல்லை மட்டும் தேடுங்கள். கவுண்டி கல்வி அலுவலகம் இதைக் கண்காணிக்கிறது. நிலைமை கைமீறினால் மாநிலம் கடன் கொடுத்துவிட்டு அதிகாரத்தை எடுத்துக்கொள்ளும். 2003இல் ஓக்லண்டில் 10 கோடி டாலர் அவசரக் கடனோடு மாநில நிர்வாகி வந்து அமர்ந்தார், போர்டு அதிகாரம் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

வரி பில்லில் பள்ளி பாண்டு என்று தனியாக வருகிறதே? அதிலிருந்து ஆசிரியருக்குச் சம்பளம் கூட்டலாமே?

கூட்ட முடியாது. பாண்டு என்பது மாவட்டம் வாங்கி, சொத்து வரியிலிருந்து அடைக்கும் கடன். அந்தப் பணம் கட்டடத்துக்கும் உபகரணத்துக்கும் மட்டும். 2000இல் மக்கள் ஓட்டுப் போட்டு ஏற்ற 39வது முன்மொழிவுப்படி 55 சதவீத ஓட்டில் அது நிறைவேறும், ஆனால் குடிமக்கள் மேற்பார்வைக் குழு அமைத்தாக வேண்டும். சம்பளத்துக்கும் பயன்படுவது, ஒவ்வொரு மனைக்கும் விதிக்கும் 'பார்சல் டாக்ஸ்' என்ற வரி. அதற்கு பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு தேவை. புது ஜிம் பளபளக்க, பக்கத்து வகுப்பில் நூலகர் வேலை போவது இதனால்தான். பார்க்க அபத்தமாக இருக்கும், சட்டம் அப்படி.

என் பெண்ணை ஏன் அடுத்த நிலைக் கணக்கு வகுப்பில் போட மறுக்கிறார்கள்? போர்டு தலையிடுமா?

தனிப்பட்ட பிள்ளைக்காகத் தலையிடாது. கொள்கையை மாற்றலாம். 2015இல் வந்த கணிதச் சேர்க்கைச் சட்டப்படி, ஒன்பதாம் வகுப்பில் யாரை எந்தக் கணக்கு வகுப்பில் வைப்பது என்பதற்கு நியாயமான, வெளிப்படையான கொள்கையை போர்டு கூட்டத்தில் நிறைவேற்றி வைத்திருக்க வேண்டும். பெற்றோர் முறையிடும் வழியும் அதில் இருக்கும். மாவட்டத் தளத்தில் தேடி, அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு கவுன்சிலரைப் பாருங்கள். 'என் பிள்ளை ரொம்ப ஸ்மார்ட்' என்பதை விட அந்தக் காகிதத்துக்கு மதிப்பு அதிகம்.

சான் பிரான்சிஸ்கோ 2014இல் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவை எடுத்துவிட்டது. பெற்றோர் பத்து ஆண்டுகள் விடாமல் கேட்டார்கள். 2024இல் போர்டு அதைத் திரும்பக் கொண்டுவர ஓட்டளித்தது.

போர்டு நினைத்தால் எந்தப் புத்தகத்தையும் நிராகரிக்கலாமா?

மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டுத்தான். 2023இல் தென் கலிபோர்னியாவின் டெமெக்குலாவில், தன்பாலின ஈர்ப்பாளர் உரிமைக்காகப் போராடிய சான் பிரான்சிஸ்கோ அரசியல்வாதி ஹார்வி மில்க் பற்றிய குறிப்பைக் காரணம் காட்டிச் சமூக அறிவியல் பாடநூலை போர்டு நிராகரித்தது. ஆளுநர் அபராத எச்சரிக்கை விட்டார், போர்டு பின்வாங்கியது, அதே ஆண்டு இப்படிப்பட்ட தடைகளைக் கட்டுப்படுத்தும் சட்டமும் வந்தது.

தீபாவளிக்கு விடுமுறை, தமிழுக்கு கிரெடிட். இதற்கு யாரைக் கேட்பது?

இரண்டுக்கும் உள்ளூரைத்தான். தீபாவளியை மாநில விடுமுறையாக அங்கீகரிக்கும் சட்டம் 2025இல் கையெழுத்தானது. அது பள்ளியை மூட அனுமதிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. நாட்காட்டி ஆசிரியர் சங்கத்துடன் பேசி முடிவாவது, அதுவும் ஓராண்டு, ஈராண்டு முன்பே. அக்டோபரில் போய் இந்த வருடம் விடுமுறை விடுங்கள் என்று கேட்பதில் பிரயோஜனமில்லை.

தமிழ் விஷயத்தில், தனியார் மொழிப் பள்ளியில் படித்ததற்கு உயர்நிலைப் பள்ளி கிரெடிட் வழங்க மாநிலக் கல்விச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. சில மாவட்டங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளிப் படிப்பை ஏற்கின்றன. எத்தனை கிரெடிட், எந்த வகை என்பது இடத்துக்கு இடம் மாறும். ஏற்காத மாவட்டத்தில், ஏற்கும் பக்கத்து மாவட்டத்தின் கொள்கை நகலைக் கொண்டுபோய்க் கேட்பதே நல்ல வழி. இரண்டு மொழிகளில் தேர்ச்சி பெற்றவருக்கு உயர்நிலைப் பள்ளி முடிக்கும்போது சான்றில் ஒட்டித் தரும் 'சீல் ஆஃப் பைலிட்டரசி' முத்திரையையும் மறக்காதீர்கள். அதை மாநில அளவில் முதலில் கொண்டுவந்தது கலிபோர்னியாதான்.

சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி தமிழ் என்று எழுதலாமா, ஆங்கிலம் என்று எழுதலாமா?

'இங்கிலீஷ்னு எழுதுங்க, இல்லேன்னா ஈஎல்பாக் டெஸ்ட் வைப்பாங்க' என்ற அறிவுரை எல்லாக் குழுவிலும் உண்டு. பிள்ளைக்கு ஆங்கிலம் எவ்வளவு தெரியும் என்று பார்க்கும் மாநிலத் தேர்வு அது. டெஸ்ட் வைப்பார்கள், உண்மைதான். தேறினால் அத்தோடு முடிந்தது. தேறாவிட்டால் பிள்ளைக்கு உதவியும், மாவட்டத்துக்குக் கூடுதல் நிதியும் கிடைக்கும். உண்மையையே எழுதுங்கள் என்பது என் கருத்து. ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள் 21 பேரோ அதற்கு மேலோ இருந்தால் அந்தப் பள்ளியிலும், 51 பேரோ அதற்கு மேலோ இருந்தால் மாவட்ட அளவிலும் பெற்றோர் குழு வைக்க வேண்டும். அந்தக் குழுவில் பேச்சு எடுபடும், கூட்டமும் குறைவு.

எச்1பி விசாவில் இருக்கிறேன். ஓட்டுப் போடலாமா, போட்டியிடலாமா?

போட்டியிட முடியாது. அதற்குக் குடியுரிமையும், அந்த மாவட்டத்தில் வாக்காளர் பதிவும் வேண்டும். ஓட்டும் பொதுவாகக் குடிமக்களுக்கு மட்டுமே. சான் பிரான்சிஸ்கோ ஒரு விதிவிலக்கு. அங்கே 2016இல் மக்கள் ஏற்ற திருத்தப்படி, குடியுரிமை இல்லாத பெற்றோரும் ஸ்கூல் போர்டு தேர்தலில் மட்டும் ஓட்டளிக்கலாம். அதை 2022இல் கீழ் நீதிமன்றம் செல்லாது என்றது, 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லும் என்றது. ஆனாலும் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் அதைத் தொடாதீர்கள். அந்த நகரின் தேர்தல் துறையே இப்படித்தான் எச்சரிக்கிறது. குடியுரிமை மனுவில் 'எப்போதாவது ஓட்டுப் போட்டீர்களா' என்ற கேள்வி உண்டு.

குடிமக்களாகிவிட்டவர்களுக்கு ஒரு செய்தி. சின்ன மாவட்டங்களில் எதிர்த்து நிற்க ஆளில்லாமல், தேர்தலே நடக்காமல் பதவிக்கு வந்தவர்கள் நிறைய. லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற விதிவிலக்கைத் தவிர இது சம்பளத்துக்குச் செய்யும் வேலை இல்லை, மாதம் சிறு தொகைதான்.

பிடிக்காத உறுப்பினரைப் பதவிக்காலம் முடியும் முன் நீக்க முடியுமா?

முடியும், கையெழுத்து திரட்டி 'ரீகால்' தேர்தல் நடத்தி. 2022 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று பேரைப் பெரிய வித்தியாசத்தில் நீக்கினார்கள். பள்ளிகள் கோவிட்டால் பூட்டிக் கிடந்தபோது, லிங்கன், வாஷிங்டன் உட்பட 44 பள்ளிகளின் பெயரை மாற்ற போர்டு நேரம் செலவழித்தது பெற்றோரைக் கொதிக்க வைத்தது. லோவெல் விவகாரமும் சேர்ந்துகொண்டது. சீன வம்சாவளிப் பெற்றோர் அதில் முன்னணியில் நின்றார்கள். டெமெக்குலாவிலோ 2024 ஜூனில் நீக்கப்பட்ட போர்டுத் தலைவர் நவம்பரில் மறுபடி நின்று ஜெயித்துவிட்டார்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் மீட்டிங்கில் பேசலாமா?

தாராளமாக. விசா, குடியுரிமை, பிள்ளை அங்கே படிக்கிறதா, எதையும் கேட்க முடியாது. கூட்டத்துக்கு வரப் பெயரைப் பதிய வேண்டும் என்ற நிபந்தனையும் போட முடியாது. தமிழிலேயே பேசட்டும். மொழிபெயர்ப்பாளர் உதவியோடு பேசுபவருக்கு, ஒரே சமயத்தில் மொழிபெயர்க்கும் கருவி இல்லாத இடத்தில், மற்றவர்களுக்குத் தருவதைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தமிழுக்கு மாவட்டத்திடம் ஆள் இருப்பது அரிது. போர்டு செயலருக்கு முன்கூட்டியே எழுதிவிட்டு, நீங்களே பக்கத்தில் நின்று மொழிபெயர்க்கலாமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.